பண்ணாடி கை தட்டிய கவிதை

கவியரங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் வயிறு எரிகிறது. கோயமுத்தூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு மண்டபத்தில் அது நடந்துகொண்டுதான் இருக்கும். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஏழைகளுக்காக மைக்கின் முன்னால் நின்று குமுறுவார்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் தலையை ஆட்டி ஆட்டி ரசிப்பார்கள். அரசாங்கத்தைத் திட்டினால் கைதட்டல், பணக்காரனைத் திட்டினால் அதைவிடப் பெரிய கைதட்டல். குமுறியவரும் ரசித்தவரும் பிறகு ஒரே பந்தியில் உட்கார்ந்து, கேசரியில் முந்திரி குறைச்சல் என்று பேசிக்கொள்வார்கள். அந்தச் சாப்பாட்டைப் போட்டவரே ஒரு பணக்காரராகத்தான் இருப்பார்.

நானும் அந்த மைக்கில் குமுறியிருக்கிறேன். எனக்கு அதில் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. என் அப்பாவின் கால் நனையக் கூடாது.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். நெல்லும் வாழையும் தென்னையுமாகப் பச்சைப் பசேலென்று இருக்கும். காரில் போகிறவர்கள் நிறுத்தி போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பச்சைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் காலனி போட்டோவில் விழாது. காலனியிலிருந்து எங்கள் மயானத்துக்குப் போக ஓர் இட்டேரி இருந்தது. இரண்டு பக்கமும் தோட்டத்து வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்குத் தடம். அதைத்தான் எங்கள் பக்கம் இட்டேரி என்போம். எங்கள் ஆட்கள் செத்தால் அந்த வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போவது.

இரண்டு பக்கத் தோட்டமும் ஒருவருக்கே சொந்தமான பிறகு, நடுவில் கிடந்த இட்டேரி அவர் கண்ணை உறுத்தியது. பழைய கிளுவை வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இட்டேரியையும் உள்ளே சேர்த்து வளைத்துக் கல்லுக்கால் நட்டார். கம்பி இழுத்துக் கட்டினார். இரும்பு கேட் போட்டுப் பூட்டினார். அந்தக் கல்லுக்கால்களுக்குக் குழி தோண்டியவர்களில் என் அப்பாவும் ஒருவர். அந்தத் தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிற வேலை அவருக்கு. பண்ணாடி தோண்டச் சொன்னால் தோண்ட வேண்டியதுதான், எதற்கு என்று கேட்கும் வழக்கம் அப்பாவின் காலத்து ஆட்களுக்கு இல்லை. தோட்டத்து முதலாளியை வேலைக்காரர்கள் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் இங்கே அவரை அப்படிச் சொல்வது மரியாதைக்காக அல்ல.

இட்டேரி போன பிறகு மயானத்துக்கு வாய்க்காலைக் கடந்துதான் போக வேண்டும். தண்ணீர் நிறுத்திய மாதங்களில் பரவாயில்லை. தண்ணீர் விட்ட மாதத்தில் செத்தால், தூக்குகிறவர்கள் இடுப்பளவு நீரில் பாடையோடு இறங்க வேண்டும். அம்மா அப்படித்தான் போனாள். நடுவாய்க்காலில் ஒருவருக்கு வழுக்கி, பாடை சாய்ந்து, அம்மாவின் இரண்டு காலும் தண்ணீருக்குள் போய் வந்தன. அப்பாவுக்கு அது மனதைவிட்டுப் போகவே இல்லை. சோற்றில் கை வைத்துக்கொண்டிருக்கும்போது, டிவியில் செய்தி ஓடும்போது, சம்பந்தமே இல்லாமல் சொல்வார்.

"உங்கம்மா கால் நனைஞ்சுபோச்சு கண்ணு. நான் நனையாமப் போகோணும்."

மனு கொடுத்தோம். வருவாய்த்துறை வரைபடத்தில் அந்தப் பாதை இருக்கிறது. அளக்க வந்தவர்கள் பண்ணாடியின் தோட்டத்து வீட்டில் இளநீர் குடித்துவிட்டு, வெயில் ஏறிவிட்டது, இன்னொரு நாள் வருகிறோம் என்று போனார்கள். அந்த இன்னொரு நாள் வரவில்லை. அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நான் உக்கடத்தில் குடியிருந்து ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். அவருடைய ரிப்போர்ட்டைப் படிக்க எனக்கு டாக்டர் தேவைப்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு இலக்கிய மன்றத்தின் செயலாளர் என்னைப் போனில் கூப்பிட்டார். மில்களுக்குப் பஞ்சு வாங்கிக் கொடுக்கும் தரகர். என் கவிதைகள் சில சிறுபத்திரிகைகளில் வந்ததைப் பார்த்திருந்தார். அவருடைய பேச்சில் மரியாதை சொட்டும். இந்த ஊரில் மரியாதைக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. கழுத்தில் கை வைத்துத் தள்ளுகிறவன்கூடப் போயிட்டு வாங்க என்றுதான் தள்ளுவான்.

"ஏனுங்க அம்மணி, ‘வெளிச்சம் வரும்’னு தலைப்புல கவியரங்கம் வெச்சிருக்கறமுங்க. நீங்க கண்டிப்பா வரோணுமுங்க. வருவாய்த்துறையில மேல இருக்கற ஆபீசர் ஒருத்தரு சிறப்பு விருந்தினரா வாராருங்க."

கவியரங்கத் தலைப்பில் விடியலோ வெளிச்சமோ இல்லாவிட்டால் மண்டபத்துக்காரர் சாவி தர மாட்டார் போலிருக்கிறது. ஆனால் வருவாய்த்துறை என்ற சொல் என் காதில் நின்றுவிட்டது. மனுவைப் படிக்காத அதிகாரி கவிதையையாவது உட்கார்ந்து கேட்டுத்தானே ஆக வேண்டும். வருகிறேன் என்றேன்.

எழுதினேன். இட்டேரியை எழுதினேன், அம்மாவின் காலை எழுதினேன், ஊர்ப் பெயரையும் பண்ணாடியின் பெயரையும் எழுதினேன். அந்த மன்றத்தில் கவிதையை முன்னதாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். செயலாளர் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"கண்ணு கலங்கிப்போச்சுங்க. ஆனா ஒண்ணே ஒண்ணு. பேரும் ஊரும் மட்டும் எடுத்துப்போடுங்க."

"அது நடந்ததுங்க. நடந்ததத்தானே எழுதியிருக்கறேன்."

"நடந்திருக்கும், நா இல்லீன்னு சொல்லலீங்க. பேரு போட்டா அது மனுவாப் போயிருமுங்க அம்மணி. பேரில்லாம பொதுவா இருந்தாத்தான் கவிதை. அப்பறம், கடைசீல நம்பிக்கையா ரெண்டு வரி போட்டுடுங்க. சனம் சாப்பிடப் போற நேரமுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனைத் தூக்கி உக்கடம் பெரிய குளத்தில் எறிந்திருப்பேன். மேடையில் நின்றால்தானே அதிகாரியின் காதில் விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். பெயரையும் ஊரையும் அடித்தேன். கடைசியில், வேலியில் ஒரு நாள் பூப் பூக்கும் என்று இரண்டு வரி சேர்த்தேன். முள்கம்பியில் எந்தப் பூ பூக்கும் என்று செயலாளர் கேட்கவில்லை. அருமை என்று ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினார்.

அவினாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். உள்ளே நுழைந்து முன்வரிசையைப் பார்த்தேன். நடுநாயகமாகப் பண்ணாடி உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கோயமுத்தூரிலும் வீடு உண்டு, மில் உண்டு. அந்த மன்றத்துக்குப் புரவலர் அவர்தான் என்பது அங்கே கட்டியிருந்த பேனரைப் பார்த்துத்தான் தெரிந்தது. தோட்டத்தில் பனியனோடு நின்று என் அப்பாவை அதட்டுகிற ஆள், இங்கே பட்டு ஜிப்பாவும் சந்தனப் பொட்டுமாகத் தமிழை வளர்த்துக்கொண்டிருந்தார்.

கவியரங்கத்துக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு கவிஞரும் தன் கவிதையைத் தொடங்கும் முன், தமிழை வாழ்த்த வேண்டும், தலைவரை வாழ்த்த வேண்டும், புரவலர் இருந்தால் அவரையும் வாழ்த்த வேண்டும். அந்த வாழ்த்தை யாரும் முன்னதாகக் கேட்டுப் பார்ப்பதில்லை. புகழ்ச்சியில் பார்க்க என்ன இருக்கிறது? எனக்கு முன்னால் படித்தவர்கள் பண்ணாடியைக் கடையெழு வள்ளல்களோடு எட்டாவதாகச் சேர்த்தார்கள். நான் தமிழை மட்டும் வாழ்த்திவிட்டுக் கவிதைக்குப் போனேன்.

"நெல்லு போக வழியுண்டு, நீர் போக வழியுண்டு,
பன்றி போக வழியுண்டு உன் வேலியிலே.
செத்தவன் போக மட்டும்
நீந்தக் கற்றிருக்க வேண்டும்."

முதல் கைதட்டல் கேட்டது. தட்டியவர் பண்ணாடி. அவர் தட்டியதும் எல்லாரும் தட்டினார்கள். மறுபடி, மறுபடி என்று அவரே குரல் கொடுத்தார். அந்த வரிகளை நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுபடி படித்தேன். அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படித்து முடித்ததும் மேடைக்கு ஏறி வந்து மைக்கை வாங்கினார்.

"அந்தத் தடத்த அடைச்சவன் மனுசனே இல்லீங்க. செத்த பொணத்துக்கு வழி உடாதவன் எத்தன சொத்து வெச்சிருந்து என்னுங்க பண்றது?"

அதற்கும் கைதட்டல். அந்த மன்றத்தில் பளபளக்கும் பொன்னாடை போர்த்துவதில்லை, கைத்தறியை ஆதரிக்கிறோம் என்று சென்னிமலைப் போர்வை போர்த்துவார்கள். பண்ணாடி தன் கையாலேயே எனக்குப் போர்த்திவிட்டு, எந்த ஊருங்க அம்மணி என்று கேட்டார். சொன்னேன். அட, நம்மூருங்களா என்றார். அப்பா யாரென்றும் சொன்னேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. நல்லாப் படிங்க, நல்லா எழுதுங்க என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

தெரிந்துதான் தட்டினாரா, தெரியாமல் தட்டினாரா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தெரியாமல்தான் தட்டினார் என்றே இப்போது நினைக்கிறேன். கவிதையில் வருகிற கெட்டவன் தானாக இருக்கலாம் என்ற நினைப்பு அவருக்கு வந்திருக்காது. பெயர் இல்லாத கோபம் யார் மேலும் விழாது. அவரவர் அதைப் பக்கத்து நாற்காலிக்காரர் மேல் தள்ளிவிட்டுக் கை தட்டலாம். அந்த அதிகாரியோ, நான் மேடை ஏறுவதற்கு முன்பே வேறொரு விழாவுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

ஊருக்குப் போய்ப் போர்வையை அப்பாவிடம் கொடுத்தேன். கெட்டியான போர்வை. அவருக்குப் பிடித்துப் போனது.

"பண்ணாடி கை தட்டினாராக்கு?"

"தட்டினாருங்கப்பா."

"அப்ப தடம் உட்டுருவாரு."

அந்த நம்பிக்கையைக் கேட்டு எனக்கு ஓங்கி எதையாவது உடைக்க வேண்டும் போல இருந்தது. அப்பா அதன் பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எம்பிள்ளை பாட்டுப் படிச்சிருக்குது, பண்ணாடி கேட்டுப்போட்டு அழுதுட்டாரு, தடம் வந்துருமுங்க. கேட் பூட்டியபடியே இருந்தது.

வாய்க்காலில் தண்ணீர் விட்ட மாதத்தில்தான் அப்பா செத்துப் போனார். விடிந்ததும் நான் செய்த முதல் வேலை பண்ணாடிக்குப் போன் போட்டது. யார் என்று சொன்னேன். கவியரங்கத்தை நினைவுபடுத்தினேன். கேட்டைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்டேன், அதுவும் கெஞ்சித்தான் கேட்டேன்.

"சங்கடமாத்தான் இருக்குது அம்மணி. உங்கப்பன் நல்ல வேலைக்காரன். ஆனா தடத்துல இப்பப் பாக்கு நாத்து வெச்சிருக்குது, கூட்டம் போனா மிதிச்சுப்போடுவாங்க. வாய்க்கா வழியா எல்லாரும் போறதுதான, நீயும் அப்படிக் கொண்டு போயிரு."

"அடைச்சவன் மனுசனே இல்லீன்னு நீங்கதானுங்க மைக்குல சொன்னீங்க."

"அது கவிதைக்குச் சொன்னதாச்சே. கவிதை வேற, காடு தோட்டம் வேற. நீ படிச்ச புள்ள, உனக்குத் தெரியாதா?"

மேடையில் எனக்குக் கிடைத்த ‘ங்க’ போனில் கிடைக்கவில்லை. அதைத் தூக்கி நானும் குப்பையில் போட்டுவிட்டு நாலு வார்த்தை கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

எங்கள் பக்கம் பெண்கள் மயானம் வரைக்கும் போவதில்லை, வாய்க்கால் கரையோடு நின்றுவிடுவார்கள். நானும் நின்றேன். அதனால்தான் எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது. அப்பாவுக்கு அவர் ஆசைப்பட்ட அந்தச் சென்னிமலைப் போர்வையைத்தான் போர்த்தியிருந்தோம். தூக்கியவர்கள் பாடையைத் தோளுக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்கள். நடுவில் ஆழம் கூடுதல். தொங்கிக்கொண்டிருந்த போர்வையின் முனை தண்ணீரில் பட்டது. கெட்டி நூல், பட்டதும் குடித்துக்கொண்டது. கனம் ஏறியது, கால்மாட்டில் பிடித்தவர்களால் தாங்க முடியவில்லை. அம்மாவுக்கு நடந்தது போலவே நடந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் போர்வையை என் தோளில் போட்ட கையைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

சில மாதம் கழித்துச் செயலாளர் மறுபடி கூப்பிட்டார். புரவலருக்கு மணிவிழா வருகிறதாம். அதில் ஒரு கவியரங்கமாம். நம்மூர்ப் பிள்ளை என்று பண்ணாடியின் வீட்டிலேயே என் பெயரைச் சொன்னார்களாம். பண்ணாடியே சொன்னாரா, அவர் வீட்டில் வேறு யாராவது சொன்னார்களா, தெரியவில்லை. போனில் நான் கேட்ட நாலு வார்த்தை அவர் நினைவில் நின்றிருக்காது. வேலைக்காரன் மகள் திட்டியதை நினைவில் வைத்திருப்பதே அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

"கவிதையை அனுப்பிடுங்க அம்மணி, ஒரு பார்வை பார்த்துக்கறேன்."

அனுப்பினேன். மழையைப் பற்றி ஒன்று, யார் மனதும் நோகாதது. நல்லா இருக்குதுங்க என்றார். வாழ்த்தை அவர் கேட்கவில்லை, நானும் அனுப்பவில்லை.

மணிவிழா மேடையில் தம்பதியர் ஒரு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சொந்தபந்தம், சம்பந்தி வீட்டார், மில் மேனேஜர்கள், மண்டபம் நிறைந்து வழிந்தது. என் முறை வந்தது. தமிழை வாழ்த்தினேன். பிறகு புரவலர் பக்கம் திரும்பிக் கை கூப்பினேன். அவருடைய பெயரை முழுதாகச் சொன்னேன், அப்பன் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், தோட்டம் எந்த வாய்க்கால் ஓரம் இருக்கிறதென்று சொன்னேன். பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இட்டேரியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தவரே, வாழ்க.
என் அம்மாவைப் போகிற வழியில் குளிப்பாட்டியவரே, வாழ்க.
குழி தோண்டிக் கல் நட்ட என் அப்பனுக்கும்
அதே நீரை மறக்காமல் தந்தவரே, வாழ்க."

முதல் வரிக்குச் சிலர் தட்டினார்கள், ஏதோ உவமை என்று நினைத்திருப்பார்கள். இரண்டாவது வரிக்குத் தட்டப் போன கைகள் பாதியில் நின்றன. செயலாளர் எழுந்தார், உட்கார்ந்தார். வாழ்த்திக்கொண்டிருக்கிறவளை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. கவியரங்க வரலாற்றில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. நான் வாழ்க, வாழ்க என்று கடைசிவரை வாழ்த்திவிட்டு, எங்கள் காலனியில் ஒவ்வொரு பாடை போகும்போதும் நீங்கள் கரையில் நின்று பார்க்கும்படி நூறாண்டு வாழ்க என்று முடித்தேன். மழைக் கவிதையைப் படிக்கவில்லை. ஒருவரும் கை தட்டவில்லை. நான் எழுதியதில் ஒன்று போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

சாப்பிடாமல் வெளியே வந்துவிட்டேன். செயலாளர் வாசல் வரைக்கும் ஓடி வந்தார்.

"என்னுங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க. இது கவிதையாங்க?"

"இல்லீங்க, மனு" என்றேன்.

யாரோ போனில் படம் பிடித்திருந்தார்கள். அது எங்கள் ஊருக்குப் போனது, கோபிக்குப் போனது, பண்ணாடியின் சம்பந்தி வீட்டுக்கும் போனது. அரசாங்கத்துக்குப் பயப்படாத மனிதர் சம்பந்தி கேட்ட ஒரு கேள்விக்குப் பயந்துவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பாக்கு நாற்றுகளைப் பிடுங்கினார்கள். கேட்டைக் கழற்றினார்கள். காலனியில் அடுத்து இறந்துபோன ஒரு பெரியம்மாவை, வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, நனையாமல் இட்டேரி வழியாகத் தூக்கிப் போனார்கள். அன்றைக்கு நான் அழுதேன்.

ஆனால் பண்ணாடி சும்மா விடவில்லை. இட்டேரி தொடங்கும் இடத்தில் ஒரு கருங்கல் பலகை நட்டு வைத்திருக்கிறார். மயானத்துக்குச் செல்லும் இந்தப் பாதை இன்னாரின் உபயம் என்று, அப்பன் பெயர், ஊர்ப் பெயரோடு, வெட்டிப் பெயின்ட் அடித்த எழுத்தில். எங்கள் பாதையை எங்களுக்கே தானம் கொடுத்திருக்கிறார். காலனி ஆட்கள் கடப்பாரையோடு கிளம்பிவிட்டார்கள். நான்தான் வேண்டாம் என்று நிறுத்தினேன். கவிதையில் போட்டால் மனுவாகிவிடும் என்று எடுக்கச் சொன்ன பெயரை அவரே கல்லில் வெட்டி, வெட்கமில்லாமல் சரியான இடத்தில் நட்டிருக்கிறார். அடைத்தவர் யார் என்று நாளைக்குக் கேட்டால் காட்டுவதற்கு எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது?

இந்தக் கட்டுரையிலும் பெயர் போடவில்லை என்று யாரும் குறைப்பட வேண்டாம். இட்டேரி முனையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, போய்ப் படித்துக்கொள்ளலாம். தண்ணீர் விடுகிற மாதத்தில் போனால், கொஞ்சம் தள்ளி அந்த வாய்க்காலையும் பார்த்துவிட்டு வாருங்கள். என் அப்பா அந்த வழியாகத்தான் போனார்.